நிலத்தில் கிடந்த புத்தகங்கள்

மெல்பேர்னில் நான் துப்புரவு வேலை செய்த பள்ளிக்கூடத்தில் எங்கள் நிறத்தில் இரண்டே பேர்தான் இருந்தோம். ஒன்று நான். மற்றது அங்கே பதினோராம் வகுப்பில் படித்த என் மகள். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல நடந்துகொள்வது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அதை இருவரும் வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மூன்றரை மணிக்கு, வாளியும் துடைப்பானுமாக நடைபாதையில் வந்தபோது அவள் சிநேகிதிகளோடு எதிரே வந்தாள். என்னைக் கண்டாள். உடனே குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். கயிறு ஏற்கெனவே கட்டியபடிதான் இருந்தது. நான் சுவரோரமாக ஒதுங்கிப் போனேன். அன்றிலிருந்து அப்படியே.

அதில் எனக்குக் கோபம் வரவில்லை. நான் இயல்பிலேயே கூச்சம் உள்ளவன். யாரும் என்னைப் பாராமல் இருந்தால்தான் எனக்கு வேலை ஓடும். அதோடு, அவள் இடத்தில் நான் இருந்தாலும் கயிறுதான் கட்டியிருப்பேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தது என் மனைவியின் படிப்பால். அவள் நேர்ஸ். எழுபதுகளின் நடுப்பகுதியில், எங்களைப் போன்றவர்களுக்கும் இங்கே கதவு திறந்து கொஞ்சக் காலத்தில், அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விண்ணப்பப் படிவத்தில் அவளுடைய பகுதி நிரம்பி வழிந்தது. என்னுடைய பகுதியில் 'ஐந்தாம் வகுப்பு' என்று ஒரு வரி. தமிழ் நன்றாக வாசிப்பேன். ஊரிலிருந்து மாதக்கணக்காகப் பிந்தி வரும் பேப்பரை விளம்பரங்கள் உட்பட ஒன்றும் விடாமல் வாசிப்பேன். ஆங்கிலத்தில் அச்செழுத்தென்றால் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்ல வரும். கையெழுத்து வராது.

ஸ்பிரிங்வேலில் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தோம். மனைவிக்கு மாறி மாறி வரும் வேலை நேரம். அதனால் பெரும்பாலான மாலைகளில் சமைப்பது நான். நான் வேலை முடித்து வந்து குசினியில் நிற்கும்போது மகள் மேசையில் இருந்து படிப்பாள். பள்ளிக்கூடத்தில் பேசாத இருவரும் பேசிக்கொள்வது அந்த ஒரு மணித்தியாலத்தில்தான். அவளுக்குத் தமிழ் எழுத்து மறந்து போயிருந்தது. பேச்சு இன்னும் மிச்சம் இருந்தது.

அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் அமெரிக்கச் சரித்திரம் படிப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். டிசம்பர் மாதம். இங்கே அது கோடைகாலம், நீண்ட விடுமுறை வரும். விடுமுறையில் ஆளுக்கொரு புத்தகம் வாசித்துக் கட்டுரை எழுதிக்கொண்டு பெப்ரவரியில் வரவேண்டும் என்று சரித்திர ஆசிரியர் சொல்லியிருந்தார்.

"எந்தப் புத்தகம் எண்டு நாங்களே தெரிஞ்செடுக்கலாம் அப்பா," என்றாள். "எனக்கு ஒண்டு வேணும். அதில ஒரேயொரு பிரதிதான் இருக்கு. ரீச்சர் காட்டினவர். மட்டையில ஒரு கிழவன்ர படம்."

"என்ன கதை?"

"கதையில்லை. அங்க அடிமையா இருந்த ஆக்கள் வயது போய் இருக்கேக்க, ஆரோ வீடு வீடாப் போய், உங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டிருக்கினம். அவை சொன்ன மாதிரியே எழுதியிருக்கு. மற்றப் புத்தகமெல்லாம் பிரசிடென்ற்மாரைப் பற்றி, சண்டையைப் பற்றி. இது ஆக்கள் தாங்களே சொன்னது."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அவையளுக்கு வாசிக்கப் பழக்கிறதே குற்றமாம் அப்பா. சில இடங்களில சட்டமே இருந்ததாம்."

"வாசிக்கிறதுக்கோ?"

"ஓம். பிடிபட்டால் சவுக்கடி."

"பிறகு என்னெண்டு பழகினவை?"

"ஒளிச்சுத்தான். வெள்ளைக்காரப் பிள்ளையள் படிக்கேக்க பக்கத்தில நிண்டு, காதால கேட்டு." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னப்பா, அழுறியளோ?"

"வெங்காயம்," என்றேன். பாதி உண்மை.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு உட்கார வாங்கு இல்லை. எங்கள் சாதிப் பிள்ளைகள் பின்சுவரோரமாக, சாணம் மெழுகிய நிலத்தில் இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் வாங்கும் மேசையும் இருந்தன. எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதே பெரிய காரியம் என்பதால் யாரும் அதைக் கேட்கவில்லை. புத்தகத்தையும் நிலத்தில் வைத்துத்தான் வாசிப்போம். வாத்தியார் எங்கள் சிலேற்றைக் கையால் தொடமாட்டார். நிலத்தில் வைக்கச் சொல்லி, நின்றபடியே குனிந்து பார்த்து, பிரம்பு நுனியால் பிழையைத் தட்டிக் காட்டுவார். மழை பெய்தால் சுவரடியில் ஈரம் ஊறும். அப்போது புத்தகத்தை மடிக்குள் வைத்துக்கொண்டு, நாங்கள் ஈரத்தில் இருப்போம். ஐந்தாம் வகுப்புக்கு மேலே படிக்க வேறு பள்ளிக்கூடம் போகவேண்டும். அங்கே எங்களை எடுக்கவில்லை.

இதை நான் மகளுக்குச் சொன்னதில்லை. என் மனைவி எங்கள் ஆட்கள்தான். என்னைவிட எட்டு வயது இளையவள். மிசன் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்து மேலே வந்தவள். கப்பலேறுவதற்கு முன்னமே என்னிடம் சொல்லிவிட்டாள்: "பிள்ளைக்கு அது தெரியத் தேவையில்லை. தெரியாட்டில் அவள் ஒருத்தருக்கும் தலை குனியத் தேவையில்லை." எனக்கும் அது சரியென்றே பட்டது. அன்று குசினியில் வெங்காயத்தோடு நின்றபோது மட்டும், சொன்னால் என்ன என்று முதல் தடவையாகத் தோன்றியது. அந்தக் கிழவனிடம் யாரோ வீடு தேடிப் போய்க் கேட்டிருக்கிறார்கள். என் வீட்டிலேயே கேட்கக்கூடிய ஒருத்தி இருந்தாள். ஆனால் எண்ணெய் காய்ந்துவிட்டது. வெங்காயத்தைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, வழக்கம்போல நூலகத்தைத் துப்புரவு செய்யப் போனேன். ஐந்து மணி இருக்கும். வெயில் இன்னும் உள்ளே வரை விழுந்துகொண்டிருந்தது. கதவில் ஒரு தாள் கையெழுத்தில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. கதவுகளில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருக்கும். திறந்துகொண்டு போனேன்.

மேசைகளை எல்லாம் சுவரோடு தள்ளியிருந்தார்கள். நடுவில் நிலம் முழுக்கப் புத்தகங்கள். முப்பது நாற்பது இருக்கும். சில மூடியபடி, சில விரித்துக் கவிழ்த்தபடி. ஒன்றின்மேல் சப்பாத்து மிதித்த தடம் இருந்தது. சிலவற்றுக்குள் சிறிய கடதாசித் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன.

மற்றப் பக்கக் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் கிரேக்கப் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட மூத்தவள். என்னைப் போலவே அரைகுறை ஆங்கிலம். குப்பைப் பை மாற்ற வந்தவள் எட்டிப் பார்த்து, "விடு, சுத்திக் கூட்டிப்போட்டுப் போ. பிள்ளையள் போட்டது, பிள்ளையள் எடுக்கட்டும்," என்ற அர்த்தத்தில் கையை வீசிக் காட்டிவிட்டுப் போனாள்.

என்னால் சுற்றிக் கூட்ட முடியவில்லை. முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். மிதிபட்டதை என் சட்டையால் துடைத்துக் கண்ணில் ஒற்றினேன். எல்லாவற்றையும் அளவு பார்த்து, பெரியது ஒரு பக்கமும் சிறியது ஒரு பக்கமுமாக வெறுமையாக இருந்த புத்தகத் தட்டில் அடுக்கினேன். எடுக்கும்போது கடதாசித் துண்டுகள் விழுந்தன. எழுத்துள்ள கடதாசியைக் குப்பையில் போடுவதும் எனக்கு வராது. அவற்றைச் சேர்த்து, பறக்காமல் இருக்க, மேசையில் கிடந்த தாள் அழுத்தும் கல்லை மேலே வைத்தேன்.

அப்படி எடுத்துக்கொண்டு வரும்போது அந்தப் புத்தகம் கையில் வந்தது. மட்டையில் ஒரு கறுத்தக் கிழவர், ஒரு குடிலுக்கு முன்னால், கதிரையில் இருக்கிறார். இரண்டு கைகளும் முழங்காலில். உள்ளே இருந்த துண்டில் என் மகளின் பெயர். வேறு எந்தக் கையெழுத்தும் எனக்குத் தெரியாது. அவள் பெயரை அவள் எழுதும் விதம் தெரியும். ஒவ்வொரு தவணையும் பள்ளிக்கூடப் படிவங்களில் அந்தப் பெயருக்குக் கீழேதான் நான் ஒப்பம் வைப்பேன்.

அந்தத் துண்டை மட்டும் நான் வெளியே எடுக்கவில்லை. புத்தகத்தைத் துடைத்து, நூலகரின் மேசை நடுவில், தனியாக வைத்தேன். பிறகு தள்ளியிருந்த மேசைகளை இழுத்து ஒழுங்காக்கி, நிலத்தைத் துடைத்து மினுக்கிவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் மனநிறைவோடு வேலை முடித்த நாள் அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, ரீச்சர் புத்தகங்களை நிலத்தில பரப்பிவிட, நாங்கள் துண்டு குலுக்கி நம்பர் எடுத்தனாங்கள். எனக்கு முதலாம் நம்பர் விழுந்தது. நான்தான் முதல் தெரிஞ்செடுத்தது. அந்தப் புத்தகம் எனக்குத்தான்."

"கையில குடுத்துப்போட்டினமோ?"

"நாளைக்குத்தான் முத்திரை குத்தித் தருவினம். லைப்ரரி மிஸ் இண்டைக்கு வரேல்ல. எங்கட பேரை எழுதி உள்ளுக்க வச்சுப்போட்டு வந்தனாங்கள், அவரவர் எடுத்த இடத்திலயே."

அவள் சொல்லச் சொல்லத்தான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. நான் கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்போதே போய் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் நான் செய்வதைப் பற்றி வீட்டில் பேசாததும் எங்கள் ஏற்பாட்டில் ஒன்று. அவளுடைய புத்தகம் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போனபோது சரித்திர ஆசிரியர் துடைப்பான்கள் வைக்கும் அறை வாசலில் காத்துக்கொண்டு நின்றார். இளம் ஆள். தாடி, தோல் செருப்பு. மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, என்னோடு பேசினார். கோபிக்கவில்லை. கதவில் எழுதி ஒட்டியிருந்தேன், அடுத்தமுறை பெரிய எழுத்தில் போடுகிறேன், பிழை என்னுடையதுதான் என்றார். என் தோளில் தட்டினார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மாலை எனக்கும் பிந்தி வீட்டுக்கு வந்த மகள் புத்தகப் பையைக் கழற்றாமலே குசினிக்குள் வந்தாள். மனைவிக்கு அன்று பகல் வேலை. தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"லைப்ரரியில புத்தகங்களை எடுத்து அடுக்கினது நீங்களோ?"

"ஓம்."

"கதவில எழுதியிருந்ததே, தொடவேண்டாம் எண்டு."

"கண்டனான். வாசிக்கேல்ல."

எனக்கு ஆங்கிலக் கையெழுத்து வராது என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் அவள் அதை நினைக்கவில்லை.

"எல்லாற்ற துண்டும் விழுந்து போச்சு. ஆர் எதை எடுத்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல. என்ர மட்டும் மேசையில, தனிய, நடுவில. ஏன் அப்பா?"

"உன்ர பேர் எண்டு கண்டனான்."

"ஒருத்தி என்ன சொன்னவள் தெரியுமோ? 'எனக்கும் ஒரு கிளீனர் அப்பா இருந்தால் நல்லது' எண்டு. அவளும் அந்தப் புத்தகத்துக்கு நிண்டவள். வகுப்பு முழுக்கச் சிரிச்சது. எங்கட நிறத்தைப் பாத்தே எல்லாருக்கும் விளங்கியிருக்கு."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்ல. புத்தகத்தை எடுத்து அவளின்ர கையில குடுத்தன்."

"ஏன் பிள்ளை? உனக்கெல்லோ முதல் நம்பர் விழுந்தது. ரீச்சருக்குத் தெரியுந்தானே."

"அவர் வச்சிரு எண்டுதான் சொன்னவர். நான்தான் வேண்டாம் எண்டனான். மிச்சமாக் கிடந்ததை எடுத்தன்." பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இழுத்து மேசையில் போட்டாள். ரயில் பாதை போட்டதைப் பற்றியதாம். மட்டையில் ஒரு எஞ்சின்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏன் அப்பா எடுத்தனீங்கள்? நிலத்தில கிடந்தால் கிடக்கட்டுமே."

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை மட்டும் பூட்டினாள்.

"புத்தகம் சரஸ்வதியெல்லோ," என்றேன். "காலடியில கிடக்கலாமோ?"

"அது வீட்டில. இஞ்ச எல்லாரும் நிலத்தில இருந்துதான் வாசிக்கினம். ரீச்சரும் நிலத்திலதான் இருந்தவர், எங்களோட."

மனைவி குழாயைத் திறந்தாள். மகள் தன் அறைக்குப் போனாள். ரயில் புத்தகத்தை நான் மேசையிலிருந்து எடுத்து அவள் கதவடியில் கொண்டுபோனேன். நிலத்தில் வைக்க மனம் வராமல் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கதவைத் தட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கோடை வெயில் கடுமையாக இருந்தது. மகள் முன்னறையில் காற்றாடிக்கு முன்னால் நிலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த ரயில் புத்தகத்தை வாசித்தாள். விருப்பமில்லாத சாப்பாட்டைச் சாப்பிடுவது போல, நாளுக்கு இத்தனை பக்கம் என்று. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "பாதை போட்டினம்," என்பாள். குசினி மேசைக்கு அவள் வரவில்லை. நான் சமைத்து முடித்துவிட்டுக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் இல்லாமல் போயிற்று.

அவளிடம் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. சரஸ்வதி என்று நான் சொன்னது பொய்யல்ல, ஆனால் அது என்னுடைய காரணம் அல்ல. அந்த வெறும் நிலத்தில் புத்தகங்களைக் கண்டபோது நான் கண்டது எங்கள் பின்சுவரை. அதைச் சொன்னால், அவள் இழந்த புத்தகத்தில் என்ன இருந்திருக்குமோ அதில் கொஞ்சத்தையாவது என் வாயால் கொடுத்தவனாவேன். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு நாளும் சோறு வேகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கிளென் வேவர்லியில் ஒரு வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடின. ரயில் அத்தோடு முடியும் இடம். அப்போது தமிழர்கள் மெல்பேர்னில் அதிகம் இல்லை. ஒரு வீட்டுக்குள் அடக்கிவிடலாம். எல்லோரும் படித்தவர்கள். மனைவிக்கு அவர்களில் சிலரை ஆஸ்பத்திரியில் தெரியும். நான் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மகள் எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

வீட்டுக்காரருக்கு உறவினரான பெரியவர் ஒருவர், கலகலப்பான ஆள், ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை என்ன படிக்கிறா?"

"அமெரிக்கன் ஹிஸ்ரி, அங்கிள்."

"அதில என்ன கிடக்கு படிக்க? எங்கட கோயில் குளத்துக்கு அவங்கட நாட்டைவிட வயசு கூட." எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதே சூட்டோடு தொடர்ந்தார். "ஆனால் பிள்ளை, அந்தக் கறுப்புச் சனத்தை அவங்கள் வச்சிருந்த விதம் இருக்கே. மனுசரே அவங்கள்? பஸ்ஸில பின்னுக்கு இரு, எங்கட பள்ளிக்கூடத்துக்கு வராதே எண்டு. கேட்டால் நெஞ்சு கொதிக்கும்."

"ஓம் அங்கிள். வாசிக்கப் பழகினாலும் அடிச்சிருக்கினம்," என்றாள் மகள். பல நாட்களுக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியளே," என்று தலையை ஆட்டிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஊரில எவடம்?"

சாதாரணமான கேள்வி. தமிழரிடையே அதைக் கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும், அது ஊரைப் பற்றிய கேள்வி அல்ல. நான் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பட்டினத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்க எந்தப் பக்கம்? கோயிலடியோ, சந்தைப் பக்கமோ?"

"கோயிலடி."

"அப்ப படிச்சது?"

அந்தப் பட்டினத்திலுள்ள பெரிய பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அதன் வாசற் படலையை நான் தெருவில் நின்று பார்த்திருக்கிறேன். அவருக்கு முகம் விரிந்தது. "அட, நம்மட ஆக்கள்," என்று சொல்லிக்கொண்டு என் தட்டில் இன்னொரு வடை வைத்தார்.

வடையை வைத்துக்கொண்டு நான் தலை குனிந்திருந்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எங்கள் படிவங்களை எல்லாம் நிரப்புவது அவள்தான். என் பிறந்த ஊரும் ஐந்தாம் வகுப்பும் அவள் கையால் எழுதியவை.

திரும்பி வரும்போது ரயிலில் எங்கள் பெட்டியில் வேறு யாரும் இல்லை. மனைவி யன்னலோரம் இருந்தாள். மகள் எனக்கு முன்னால்.

"அப்பா, நீங்கள் அந்தப் பள்ளிக்கூடத்திலயோ படிச்சனீங்கள்?"

"சும்மா சொன்னனான். எல்லாத்தையும் எல்லாருக்கும் விளங்கப்படுத்திக்கொண்டிருக்கேலாது."

"ஊரும் வேற சொன்னனீங்கள்."

"கிட்டத்தானே."

அவள் கொஞ்ச நேரம் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சாம் வகுப்பு எண்டு சொல்ல வெக்கமோ?"

"ஓம்," என்றேன். அந்த வாசல் திறந்து கிடந்தது. அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

"அதில என்னப்பா வெக்கம்?" என்றாள். ஏளனமாகக் கேட்கவில்லை. பிறகு சொன்னாள்: "நீங்கள் வேலைக்கு வந்த முதல் நாள் நான் குனிஞ்சு கயிறு கட்டினனான். தெரியுந்தானே?"

"தெரியும்."

"கயிறு கட்டியிருந்தது அப்பா. நான் சும்மா குனிஞ்சனான்."

"அதுவும் தெரியும்."

அவள் கண் கலங்கியிருந்தது. தன்னுடையதைச் சொல்லிவிட்டு என்னுடையதற்காகக் காத்திருந்தாள். ரயில் வீடுகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கொடிகளில் உடுப்புக் காய்ந்தது. மனைவி யன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் அவளுடைய கை என் முழங்கைக்கு மேலே வந்து இருந்தது. அது சொல்லு என்றதா, சொல்லாதே என்றதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் அதைச் சொல்லாதே என்றே எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதுதான் சுகமாக இருந்தது.

"அடுத்தது ரிச்மண்ட்," என்றேன். "இறங்கி மாறவேணும்."

பெப்ரவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. முதல் நாள் மூன்றரை மணிக்கு நான் வாளியோடு நடைபாதையில் வந்தேன். அவள் சிநேகிதிகளோடு எதிரே வந்தாள். நான் வழக்கம்போலச் சுவரோரம் ஒதுங்கினேன். அவள் குனியவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்க, தமிழில், "அப்பா, நான் போயிட்டு வாறன்," என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி கையைத் தூக்கி ஹலோ சொன்னாள். தலையை மட்டும் ஆட்டினேன். அந்த வருடம் முழுவதும், ஒரு நாளும் தவறாமல், அவள் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். தன் பங்கை அவள் செய்து முடித்துவிட்டாள்.

ரயில் பாதைக் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது என்று மனைவி மூலம் கேள்விப்பட்டேன். அந்தக் கிழவரின் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பி வந்தது. மகள் அதை எடுத்து வாசித்தாளா என்று நான் கேட்கவில்லை. டிசம்பரில் ஆசிரியர் மறுபடி மேசைகளைத் தள்ளிவிட்டு, அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்காக நிலம் முழுக்கப் புத்தகங்களைப் பரப்பினார். கதவில் இந்தமுறை பெரிய அச்செழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். உள்ளே போய், புத்தகங்களுக்கு இடையில் துடைப்பானைக் கவனமாக ஓட்டி, ஒன்றையும் தொடாமல் சுற்றித் துடைத்துவிட்டு வந்தேன். கிரேக்கப் பெண் கண்டு, "இப்பதான் நீ நல்ல கிளீனர்," என்று கைதட்டினாள்.

மகளுக்குச் சிட்னியில் பல்கலைக்கழகம் கிடைத்தது. சரித்திரம்தான். அங்கே ஒரு விடுதியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் போன் எடுப்பாள். அனேகமாகத் தாயோடுதான் பேசுவாள். என்னோடு சாப்பாட்டைப் பற்றி, மழையைப் பற்றி.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். போன் அடித்தது.

"அம்மா இல்லைப் பிள்ளை. டியூட்டி."

"தெரியும் அப்பா. உங்களோடதான் பேச எடுத்தனான்." பிறகு சொன்னாள்: "இஞ்ச லைப்ரரியில எங்கட ஊர்ப் பக்கத்தைப் பற்றி ஒரு பழைய புத்தகம் கிடந்தது. அதில பள்ளிக்கூடம் ஒண்டின்ர படம் இருக்கு. முன்னுக்குப் பிள்ளையள் வாங்கில இருக்கினம். பின்னுக்குச் சுவரோட சில பிள்ளையள் நிலத்தில இருக்கினம், மடியில புத்தகத்தோட. அது எந்தப் பிள்ளையள், ஏன் நிலத்தில எண்டு கீழ எழுதியிருக்கு."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்பா, நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

வீட்டில் யாரும் இல்லை. தடுக்க ஒரு கையும் என் முழங்கைமேல் இல்லை. குசினி மேசை எனக்கு முன்னால் வெறுமையாக இருந்தது. அவள் வீடு தேடி வந்து கேட்டுவிட்டாள். அவளைத் தவிர இந்த உலகத்தில் என்னிடம் அதை யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"வாங்கிலதான் பிள்ளை," என்றேன். "முன் வாங்கில."

மற்றப் பக்கத்தில் விடுதியில் யாரோ சிரித்துக்கொண்டு படியில் இறங்கிப் போனார்கள்.

"சரி அப்பா," என்றாள், காய்ச்சல்காரரிடம் பேசுவது போல, மெல்ல. "மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

சொன்னேன்.